கை வைக்காத நான்கு வாரம்: என் அமெரிக்க அப்சர்வர்ஷிப்

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் ஜூனியர் ஒருத்தி, அந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க அமெரிக்காவுக்கு அப்சர்வர்ஷிப் போயிட்டு வந்தீங்கல்ல? காசு கட்டலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க." அதை மட்டும் சொல்ல முடியவில்லை. மீன் வெட்டி முடித்து, பையில் போட்டு, தூறல் ஆரம்பிக்கும் வரைக்கும் பேசினோம். அப்படியும் பாதி பாக்கி. அவளைப் போலக் கேட்கிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பதால் மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன்.

2024 ஆகஸ்டில் நான்கு வாரம், சிகாகோவுக்கு வெளியே ஒரு நடுத்தர அளவு ஆஸ்பத்திரியில், பொது மருத்துவப் பிரிவில் அப்சர்வராக, அதாவது அங்குள்ள டாக்டர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவளாக இருந்தேன். ஏற்பாடு செய்து கொடுத்தது ஒரு ஏஜென்சி. ஏஜென்சி பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பீர்கள். எதைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சிக்கு 1,800 டாலர், அன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம். அறை வாடகை 900 டாலர், அது முக்கால் லட்சம். விமான டிக்கெட் 1 லட்சத்து 15 ஆயிரம். விசா கட்டணம் 185 டாலர். ரத்தப் பரிசோதனை, காப்பீடு, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்து இன்னொரு 60 ஆயிரத்துச் சொச்சம். கூட்டினால் 4 லட்சத்து 20 ஆயிரம் கிட்ட வந்துவிடுகிறது. என் அப்பா எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். ஒரு நைட்டிக்கு 20 ரூபாய் லாபம் பார்க்கிற மனிதர். அவர் அந்தப் பணத்தைப் புரட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதற்கு என்ன கிடைத்தது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு டாக்டர்களிடம், அங்குள்ள ஆஸ்பத்திரியில் வேலை நடக்கும் விதம் தெரியுமா, அங்குள்ள டாக்டர் யாராவது கடிதம் கொடுப்பாரா என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். அந்த நாட்டு டாக்டர் லைசென்ஸுக்கான தேர்வான யூ.எஸ்.எம்.எல்.இ.யில் ஸ்டெப் 1க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது. பாஸ், ஃபெயில் மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும் இந்தக் கடிதங்களுக்கும் கனம் கூடிவிட்டது. எம்.பி.பி.எஸ். முடிப்பதற்கு முன்பே போனால் எலெக்டிவ் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதில் மேற்பார்வையோடு நோயாளியைப் பரிசோதிக்க விடுவார்கள். படித்து முடித்தபின் போனால் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான். பார்க்கலாம், கேட்கலாம். தொடக் கூடாது, மருந்து எழுதக் கூடாது, கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது. எனக்குக் கம்ப்யூட்டர் லாகினே கொடுக்கவில்லை.

இந்த விதிகளைப் படித்துவிட்டு 'சரி, தெரிந்ததுதானே' என்று நானும் நினைத்தேன். ஸ்டான்லியில் ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருடம் ஓடியிருக்கிறோம். அட்மிஷன் டே அன்று ராத்திரி 2 மணிக்கு வென்ஃப்ளான் (கை நரம்பில் சொருகும் ஊசிக்குழாய்) போட்டு, ரத்தம் எடுத்து, சாம்பிளை நாமே தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு மூச்சு வாங்கும். அப்படிப் பழகிய கை நான்கு வாரம் சும்மா இருக்குமா? அந்தக் கஷ்டத்தை ஏஜென்சியும் சொல்லவில்லை, எந்த சீனியரும் சொல்லவில்லை.

ஏஜென்சி விஷயத்துக்கு வருகிறேன். சொன்ன தேதியில் தொடங்கியது, சொன்ன டாக்டர்தான் இருந்தார். பணம் கட்டிவிட்டு அது கூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதற்கு நன்றி. மற்றதில் எனக்கு மனக்குறைதான்.

டிபி டெஸ்ட் கதையைக் கேளுங்கள். அவர்கள் அனுப்பிய பட்டியலில் 'டிபி பரிசோதனை' என்று ஒரே வரி. நான் தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தோலில் போடும் ஊசியைப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் கையில் 15 மில்லிமீட்டருக்குத் தடிப்பு. பிறந்தவுடன் டிபி தடுப்பூசியான பிசிஜி போட்டவர்கள் நாம், நெஞ்சுநோய் வார்டில் போஸ்டிங் பார்த்தவள் நான், தடிக்காமல் என்ன செய்யும்? ரிப்போர்ட்டை அனுப்பினால் அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வருகிறது: இது வேண்டாம், ரத்தத்தில் எடுக்கும் டிபி கோல்ட் டெஸ்ட்தான் வேண்டும். பிசிஜி ஊசியால் அந்த டெஸ்ட் குழம்பாது என்பது காரணம். நியாயமான காரணம். எடுத்தேன், அதுவும் பாசிட்டிவ். கிருமி உள்ளே இருக்கிறது என்றுதான் அர்த்தம், அது நோயா, சும்மா தூங்குகிறதா என்று அந்த டெஸ்ட் மட்டும் சொல்லாது; நம் வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படி வருவது அதிசயம் இல்லை. பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை என்று ஒரு படிவம், அதில் நுரையீரல் டாக்டரின் கையெழுத்து. மூன்று வாரம் போய்விட்டது. டிக்கெட் போட்டாயிற்று, அறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இங்கே நான் தூங்காமல் கிடக்கிறேன். ஏஜென்சிக்கு போன் போட்டால் "இது எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்" என்றார்கள். எல்லாருக்கும் வருவது என்றால் அதை முன்பே சொல்வதற்குத்தானே 1,800 டாலர்?

ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடியையும் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். முதல் வருடத்தில் ஊசி போட்டோம் என்பது அங்கே போதாது, ரத்தத்தில் அளவு காட்ட வேண்டும். 10க்குக் கீழே இருந்தால் பூஸ்டர் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அம்மை நோய்களுக்கும் அதே மாதிரி ஆன்டிபாடி ரிப்போர்ட் கேட்டார்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் உண்டு. ஆறு மாதம் முன்பு ஆரம்பித்தால் நிம்மதி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது விசா விஷயத்தில்தான். ஏஜென்சி ஆள், "அப்சர்வர்ஷிப்னு சொன்னா நிறைய கேள்வி வரும், சும்மா டூர்னு சொல்லிடுங்க" என்றார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சம்பளம் இல்லாமல், நோயாளியைத் தொடாமல் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்கு பி1/பி2 என்கிற விசிட்டர் விசாவில் இடம் இருக்கிறது. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நான் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். நோயாளிகளுக்கு வைத்தியம் செய்வீர்களா என்று கேட்டார்கள். இல்லை, பார்க்க மட்டும் என்றேன். யார் செலவு செய்கிறார்கள், எப்போது திரும்புவீர்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பொய் சொல்லி மாட்டினால் அந்த நாட்டுக் கதவே மூடிவிடும். பத்து வருடம் படித்ததை ஒரு புரோக்கர் பேச்சுக்காகப் பணயம் வைக்க வேண்டுமா?

அதே ஏஜென்சியின் விளம்பரத்தில் 'ஹேண்ட்ஸ் ஆன் அனுபவம்' என்றும் போட்டிருந்தது. படிப்பு முடித்தவர், அந்த நாட்டு லைசென்ஸ் இல்லாதவர், விசிட்டர் விசாவில் போய் நோயாளிமேல் கை வைக்க முடியாது. வைத்தால் அது உங்களுக்கும் ஆபத்து, உங்களை விட்ட டாக்டருக்கும் ஆபத்து. அந்த வார்த்தையை எங்கே பார்த்தாலும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஏஜென்சியை இத்தோடு விடுகிறேன். ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போது என் குரலே மாறிவிடும்.

முதல் நாள் காலை அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் பெரிய எழுத்தில் 'அப்சர்வர்'. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம். 1996ல் வந்த சட்டம். லிஃப்டில் கேஸைப் பற்றிப் பேசக் கூடாது, போட்டோ கூடவே கூடாது, பெயர் எழுதிய தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நம் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒன்றரை அடி இடைவெளியில், பத்து பேர் கேட்க ஒருவரின் கதையைச் சத்தமாகச் சொல்லிப் பழகியவள் நான். எனக்கு அந்த ஒரு மணி நேரம் உறைத்தது. இந்த எழுத்திலும் நோயாளிகளை அடையாளம் காட்டும் எதையும் தவிர்த்திருக்கிறேன்.

காலை 7 மணிக்கு இரவு டீம் பகல் டீமிடம் ஒப்படைக்கும். பிறகு இன்டர்ன்கள் (ரெசிடென்சியில் முதல் வருட டாக்டர்கள்) தங்கள் நோயாளிகளைத் தனியாகப் பார்த்துவிட்டு வருவார்கள். 9 மணிக்கு அட்டெண்டிங் வந்ததும் ரவுண்ட்ஸ். (நம் ஊரில் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு வந்து தங்குகிறவர், அங்கே அட்டெண்டிங் என்றால் நம் யூனிட் சீஃப் மாதிரி. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க இரண்டு போன் கால் ஆனது.) மத்தியானம் சாப்பாட்டோடு வகுப்பு. ஒரு இன்டர்ன் ஒரே நேரத்தில் 10 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது, சராசரியாக வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று அங்கே விதி. 80 மணி நேரமும் அதிகம்தான், ஆனால் ஒரு எல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ரவுண்ட்ஸில் என்னை அசர வைத்தது மருந்து இல்லை, வீட்டுக்கு அனுப்பும் பேச்சு. சேர்ந்த முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டில் மாடிப்படி இருக்கிறதா, யார் சமைப்பார்கள், மாத்திரை வாங்கக் காசு இருக்கிறதா, நடை பழக்குகிறவர் என்ன சொன்னார். இதற்கென்றே கேஸ் மேனேஜர் ஒருவர் கூடவே நடக்கிறார். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா, வேண்டாமா என்று நோயாளியிடமே கேட்டு எழுதி வைக்கிறார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நோயாளியோ காப்பி குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ரவுண்ட்ஸ் ஒரு அறையை விட்டு வெளியே நகர்ந்துவிட்டது, நான் கடைசியில் நின்றிருந்தேன். கட்டிலில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி" என்றார் அவர் மொழியில். உதடு வெடித்திருந்தது. பக்கத்து மேசையில், யாரோ உறவினர் வைத்துவிட்டுப் போன காகிதக் கோப்பை. ஐஸ் பாதி கரைந்து வெளியே வேர்த்திருந்தது. கட்டிலிலிருந்து அவருக்கு எட்டாது, எனக்கு ஒரு எட்டு. என் கை போயே விட்டது. கோப்பையில் விரல் பட்டு ஜில்லென்றபோதுதான் தலைமாட்டுச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன்: வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் சந்தேகத்தில் வந்தவர், விழுங்க முடிகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தத் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கையை எடுத்துக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினேன். நர்ஸ் வந்து ஈரப் பஞ்சுக் குச்சியால் உதட்டை நனைத்துவிட்டு, என் அட்டையைப் பார்த்து, "கூப்பிட்டதற்கு நன்றி டாக்டர்" என்றார். அறைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். தொடாதே என்ற விதியை அதுவரை எனக்குப் போட்ட விலங்காக நினைத்திருந்தேன். அந்த நோயாளியைப் பற்றி முழுதாகத் தெரியாத ஆள் நான் என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

அதற்காக அப்சர்வரால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். இரண்டாவது வாரம் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி சேர்ந்தார். ஆங்கிலம் வராது. நான் தமிழ்தான் பேசுகிறேன் என்றாலும் மொழிபெயர்க்க விடவில்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும் என்று அங்கே விதி. சக்கரம் வைத்த கம்பத்தில் ஐபேடை உருட்டிக்கொண்டு வந்து, அதில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். பாட்டி சொன்னார்: "ரெண்டு நாளா ஒரே மயக்கமாக் கிடக்கு, பிள்ளை." ஐபேடிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது, இரண்டு நாளாக நினைவிழந்து விழுகிறார் என்று. ரெசிடென்ட் உடனே இதயத்துக்கான பரிசோதனைகளை வரிசையாக யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வயதில் நினைவிழப்பு என்றால் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் தமிழில் மயக்கம் என்றால் எத்தனை? தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், பசித்தாலும் மயக்கம். அறைக்கு வெளியே வந்ததும் ரெசிடென்டிடம் மெதுவாகச் சொன்னேன்: அந்தச் சொல்லுக்கு நாலு அர்த்தம் உண்டு, நினைவு தப்பியதா, விழுந்தாரா என்று தனித்தனியாகக் கேட்க முடியுமா? அவர் முகம் சுளிக்கவில்லை. திரும்ப உள்ளே போய் அதே ஐபேடில் கேட்டார். பாட்டி, "விழேல்லை, நினைவெல்லாம் இருந்தது. எழும்பினாத்தான் தலை சுத்துது" என்றார். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் நன்றாக இறங்கியது. பிரஷர் மாத்திரையின் அளவு கூடிப்போயிருந்தது. மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த ரெசிடென்ட், "இதை எனக்குச் சொன்னது நம் அப்சர்வர்" என்று அட்டெண்டிங் முன்னால் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

அதன்பிறகு அட்டெண்டிங் என்னைக் கவனிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் நானே கேட்டேன்: ஒரு நோயாளியைப் பற்றி ரவுண்ட்ஸில் நான் வாயால் பிரசென்ட் பண்ணலாமா? இன்டர்ன் சொல்லக் கேட்டதை வைத்துத் தயாரித்தேன். முதல் நாள் நம் பழக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று வரலாற்றை நீட்டினேன். அங்கே முதல் ஒரே வரியில் யார், எதற்கு வந்தார், இப்போது எப்படி என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் நம் முடிவு என்ன, இன்று என்ன செய்யப்போகிறோம். 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லத் துணிய வேண்டும். சீஃப் முன்னால் வாய் திறக்காமல் வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம். ராத்திரி அறையில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நான்காவது வாரம் ஐந்து நாளும் பிரசென்ட் பண்ணினேன்.

கடைசி நாள் அவரே கடிதம் எழுதுகிறேன் என்றார். கடிதத்தை எழுதுகிறவரே நேராக ஈராஸ் என்கிற ரெசிடென்சி விண்ணப்பத் தளத்தில் ஏற்றுவார், அதை நாம் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். செப்டம்பர் நடுவில் ஏறிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதுவரை இரண்டு இன்டர்வியூ முடிந்திருக்கிறது, இரண்டிலும் அந்தக் கடிதத்தைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

போகிற மாதத்தைப் பற்றியும் ஒன்று. ஜூலையில் அங்கே புது இன்டர்ன்கள் சேருவார்கள், அட்டெண்டிங்குக்கு அவர்களைக் கவனிக்கவே நேரம் போதாது. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் போய்விடும். அதனால் ஆகஸ்ட் கடைசி ரயில் மாதிரி. கடிதம் தாமதமானால் தவறிவிடும். மே, ஜூன் கிடைத்தால் விடாதீர்கள்.

என் மதிப்பெண்: ஆஸ்பத்திரிக்கு 5க்கு நாலரை. லாகின் இல்லாவிட்டாலும் பார்க்க மட்டும் ஒரு திரையைக் கொடுத்திருந்தால் அந்த அரையையும் கொடுத்திருப்பேன். ஏஜென்சிக்கு 5க்கு ஒன்றரை.

காசிமேட்டில் அந்தப் பெண்ணிடம் சொன்னது இதுதான்: ஏஜென்சிக்குக் கட்டுவதற்கு முன்னால் நீயே மெயில் போடு. என் தோழி ஒருத்தி 70 மெயில் அனுப்பினாள், மூன்று பதில் வந்தது, ஒன்றில் காசே இல்லாமல் இடம் கிடைத்தது. ஸ்டான்லியில் படித்துவிட்டு அங்கே இருக்கும் சீனியர்களுக்கு முதலில் எழுது. அப்படியும் ஏஜென்சிதான் என்றால் மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கு: வார்டிலா, வெறும் கிளினிக்கிலா? கூட ரெசிடென்ட்கள் இருப்பார்களா? ஒரே அட்டெண்டிங் எத்தனை வாரம் என்னைப் பார்ப்பார்? வாரத்துக்கு ஒருவர் மாறினால் யாருக்கும் உன் பெயர்கூட நினைவிருக்காது, கடிதத்தில் என்ன எழுதுவார்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் உன் அப்பா காசைக் கொடுக்காதே. டிபி கோல்ட் மட்டும் நாளைக்கே எடுத்துவிடு என்றேன். "பாசிட்டிவ்னு வந்தா?" என்று பயந்தாள். வந்தால் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா, அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் காட்டுகிறேன்.